எழுப்பாமல் விட்டவர்

லாச்சப்பலில் அகதிகளுக்கு உதவும் சிறு சங்கமொன்றை நடத்துகிறேன். அவர்களுக்குப் பிரெஞ்சு மொழிபெயர்க்கவும் நானேதான் போவேன். மற்றவர்கள் பிழைவிடுவார்கள் என்று எண்ணம்.

போன மாரியில், புதிதாக வந்த ஒரு பெண்ணை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். மருத்துவரைப் பார்க்கப் பல வாரம் காத்திருந்து கிடைத்த ரொந்தேவு. காத்திருந்த கதிரையிலேயே தூங்கிவிட்டேன்.

விழித்தபோது அவருடைய சால்வை என்மேல் கிடந்தது. கூடத்தில் வேறு யாருமில்லை.

“உங்களைக் கூப்பிடேல்லையோ?” என்று பதறிக் கேட்டேன்.

“கூப்பிட்டவை அக்கா. நீங்கள் நல்ல நித்திரை. எழுப்ப மனம் வரேல்லை. உங்களுக்கு ஏலாமப் போனா எங்களுக்கு வேற ஆர் இருக்கினம்?”

அவர் நன்றியோடுதான் சொன்னார். வேறு யாருமில்லாமல் செய்தது நான்தான் என்பது திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

அடுத்த ரொந்தேவுக்கு அவருடன் மொழிபெயர்க்க இன்னொருவரை அனுப்பிவிட்டு, வீட்டில் அமைதியில்லாமல் இருந்தேன்.

மொழிபெயர்க்கப் போனவர் ஒரு பிழையும் விடவில்லை.