பொட்டைக் குதிரை போகக்கூடாத தெரு

அண்ணாச்சியை 'அவர்' என்று எழுதுவது வெறும் பழக்க தோஷம். மரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முத்தையாபுரத்துக்குக் கிழக்கே அவருக்கு உப்பளம் இருக்கிறது. இரண்டு லாரி இருக்கிறது. பேச்சுக்குப் பேச்சு நெஞ்சைத் தட்டிக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பந்தயக் குதிரை இருந்தது. ஓட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நடக்கிற குதிரை வண்டிப் பந்தயங்களில் அது வந்து நின்றால், மற்றவர்கள் இரண்டாம் பரிசுக்குத்தான் ஓடுவார்கள். அதற்கு வீட்டில் என்ன பெயரோ, ஊரில் சாம்பியன் என்றுதான் சொல்வோம். சாம்பியன் என்று யாராவது கூப்பிட்டால் குதிரை திரும்புவதற்கு முன்னால் அண்ணாச்சி திரும்பிவிடுவார்.

ஓடியது குதிரை. வண்டியில் உட்கார்ந்து ஓட்டிய சாரதி என் வீட்டுக்காரர். மாலை விழுந்தது அண்ணாச்சி கழுத்தில். அதில் எங்களுக்கு அப்போது ஒரு வருத்தமும் இல்லை. என் வீட்டுக்காரருக்கு வண்டியில் ஏறி உட்கார்ந்தாலே வயிறு நிறைந்துவிடும்.

எங்களிடமும் ஒரு குதிரை உண்டு. வெள்ளைப் பொட்டைக் குதிரை. சாயங்காலம் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிவரும். கல்யாணம், மாதா கோயில் திருவிழா என்றால் ஜோடித்துக் கூட்டிப்போவோம். சாதுவான ஜீவன். அதனால் அண்ணாச்சிக்கு என்ன தொந்தரவு என்றால், அது பொட்டையாகப் பிறந்துவிட்டதுதான். பொட்டையோடு சேர்ந்த குதிரைக்குக் கால் வேகம் போய்விடும் என்று பந்தயக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. அண்ணாச்சி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். தன் சாம்பியன் சுத்த பிரம்மச்சாரி என்று டீக்கடையில் உட்கார்ந்து வாய் கிழியச் சொல்வார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அப்போது பக்கத்தில்தான் நிற்பார்கள். அவர் தெரு வழியாக எங்கள் குதிரை போகக்கூடாது என்று ஒரு சட்டமும் போட்டார். பஞ்சாயத்துத் தெருவுக்கு இவர் யார் சட்டம் போட என்று நான் கேட்டேன். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. தினமும் உப்பளத்து வரப்பைச் சுற்றிக்கொண்டு கடற்கரைக்குக் குதிரையைக் கூட்டிப்போனார்.

ஒரு நாள் நல்ல மத்தியானம். நான் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கழுத்தில் அறுந்த கயிறு தொங்க, வரப்பு மேலே சாம்பியன் தனியாக வந்தது. எந்த வாசனையைப் பிடித்து வந்ததோ, நேரே எங்கள் கொட்டகைக்குள் போய்விட்டது. வீட்டுக்குள்ளே சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த மனுஷரை எழுப்பிக் கூட்டிவருவதற்குள் பிரம்மச்சரியம் முடிந்துவிட்டது.

வேறு ஆளாக இருந்தால் குதிரையை வெளியே விரட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பான். என் வீட்டுக்காரர் அதைக் குளிப்பாட்டி, தானே கையில் பிடித்துக்கொண்டுபோய் அண்ணாச்சி வீட்டில் ஒப்படைத்து, நடந்ததையும் சொன்னார். அதற்குக் கிடைத்த பரிசு, அடுத்த பந்தயத்தில் மைக்கில் அண்ணாச்சியின் அறிவிப்பு. சாரதியாக இருந்துகொண்டே கயிற்றை அறுத்து, சாம்பியனைத் திருட்டுத்தனமாகத் தன் பொட்டைக்குக் கொண்டுபோனான், இவனை இனி எவனும் வண்டியில் ஏற்றக்கூடாது என்று. கயிற்றின் நுனி தூணில் உரசி உரசி நார் நாராகப் போயிருந்தது. கண் உள்ள யாரும் பார்த்திருக்கலாம். பந்தயக் கமிட்டியில் இருந்தவர்கள் அண்ணாச்சி முகத்தைத்தான் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்குக் கயிறறுத்தான் என்று பெயர். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே போவார். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாயில் வைக்கமாட்டார். சாரதி வேலை போனதைக்கூடத் தாங்கிக்கொண்டார். திருடன் என்றதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த வருஷம் எங்கள் குதிரை ஆண் குட்டி போட்டது. சாம்பியனின் அதே செம்பழுப்பு, நெற்றியில் அதே கோணல் வெள்ளை. தண்ணீர் வாளியை வைத்தால் இடது காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் சாம்பியன் குடிக்கும், குட்டியும் அப்படியே. ஊரே வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. அண்ணாச்சி மட்டும் அது ஏதோ உப்பளத்துக் கழுதைக்குப் பிறந்தது என்றார். கயிற்றை அறுத்துக் கொண்டுபோனது நிஜமாம், குதிரை சேர்ந்தது மட்டும் பொய்யாம். இரண்டையும் ஒரே வாயால் சொன்னார், கேட்டவர்களும் இரண்டுக்கும் தலையாட்டினார்கள். இத்தனைக்கும் அதற்குப் பிறகும் சாம்பியன் முன்னைப்போலவேதான் ஜெயித்துக்கொண்டிருந்தது. வேகம் போய்விடும் என்ற நம்பிக்கை அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

சில வருஷத்தில் சாம்பியனுக்கு முன்னங்காலில் நரம்பு வீங்கிவிட்டது. இனி ஓடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். மலைப்பக்கம் ஹோட்டல் வைத்து, கூடவே குதிரைப் பண்ணையும் வைத்திருப்பவர். சாம்பியன் ஓடுகிற வீடியோவைப் போனில் பார்த்துவிட்டு, இனவிருத்திக்கு விலைக்குக் கேட்டார். அண்ணாச்சி வெளிநாட்டு வியாபாரி ஆகிவிட்டார். ரெண்டு வாரம் டீக்கடையில் கப்பல் பேச்சுத்தான்.

வந்தவர் கேட்டது ஒரே கேள்வி. இதற்குப் பிறந்த குட்டியைக் காட்டுங்கள்.

அண்ணாச்சி நெஞ்சைத் தட்டிக்கொண்டு, சாம்பியன் பொட்டையின் வாலைக்கூடப் பார்த்ததில்லை என்றாராம். கொழும்புக்காரர் பொறுமையாக, நான் ஓட்டுவதற்கு வாங்கவில்லையே என்றிருக்கிறார். குட்டி கொடுக்குமா என்று தெரியாத குதிரைக்குக் கப்பல் கூலி கொடுப்பானேன் என்றும் கேட்டிருக்கிறார். திருச்செந்தூருக்குப் போய்த் திரும்பி வரும்போது பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே அண்ணாச்சி எங்கள் வீட்டு வாசலில் நின்றார். இத்தனை வருஷமும் என்னைத் தெருவில் பார்த்தால் மேகத்தைப் பார்க்கிறவர், "நல்லா இருக்கியா தங்கச்சி" என்றார். அதுவரை என்னலே என்று மட்டுமே கூப்பிட்டுவந்த என் வீட்டுக்காரரைத் தம்பி என்றார். கழுதைக் குட்டியை நாலு பக்கமும் சுற்றிவந்து, அப்படியே அப்பனை உரித்துவைத்திருக்கிறது என்று புல்லரித்துப்போனார். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது, அடக்கவும் இல்லை.

கொழும்புக்காரரிடம் குட்டியைக் காட்டிவிட்டால் போதும், கமிட்டியில் தானே பேசித் தடையை எடுத்துவிடுவதாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் குட்டியின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அண்ணாச்சி, மைக்குலதான நீங்க சொன்னிய. நான் கயித்த அறுக்கலன்னு அதே மைக்குல சொல்லிருங்க. குட்டிய எங்கன வேணும்னாலும் கொண்டாந்து காட்டுதேன்."

சொல்கிறேன் என்று தன் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தார். அந்த வாரமே ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு கொடைக்குப் பந்தயம் இருந்தது. கொழும்புக்காரரும் வந்து நின்றார். குட்டியைப் பார்த்தார், வாளியைத் தட்டுவதைப் பார்த்தார், சிரித்தார். அண்ணாச்சி மைக்கை வாங்கினார். நான் கூட்டத்தில் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"நம்ம பழைய சாரதி ஏழப்பட்ட புள்ள," என்று ஆரம்பித்தார். "பொழைக்க ஒரு வழி வேணும்லா. அதான் நம்ம சாம்பியன நானேதான் அவன் வீட்டுக்கு அனுப்பிவச்சேன். இனும அவன் பந்தயத்துக்கு வரலாம்."

கூட்டம் கைதட்டியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திருட்டுப் பட்டத்தை எடுக்கச் சொன்னால், மனுஷர் தானம் கொடுத்த வள்ளலாகிக் கீழே இறங்குகிறார். கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் வீட்டுக்காரர் அன்றைக்கே எங்கள் குட்டியைப் புதுக்குதிரைப் பந்தயத்தில் ஓட்டினார். பரிசு ஒன்றும் வாங்கவில்லை. திரும்பிவந்து வீட்டு வாசலில் இறங்கும்போது, கயிற்றைப் பற்றிச் சொல்லவில்லையே என்று மட்டும் சொன்னார்.

வியாபாரம் முடிந்தது. ரத்தப் பரிசோதனை, ஊசி, முத்திரை எல்லாம் ஆகி, சாம்பியன் துறைமுகத்துக்குப் போக வேண்டிய நாள் வந்தது. கப்பலுக்கென்று செய்த மரப்பெட்டியை டிரெய்லரில் வைத்து மெயின் ரோட்டில் நிறுத்தியிருந்தார்கள், தெருவுக்குள் அது வராது. முந்தின நாள் பழக்கிப்பார்க்கிறோம் என்று சாம்பியனை அந்தப் பெட்டிக்குள் தள்ளியிருக்கிறார்கள். அது மிரண்டு உதைத்து, அதிலிருந்து லாயத்து வாசலைத் தாண்ட மறுத்துவிட்டது. வெல்லம் காட்டினார்கள். பின்னாலிருந்து தள்ளினார்கள். நேரமாகிறது என்று துறைமுகத்திலிருந்து போன் மேல் போன். அண்ணாச்சி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு குதிரையைத் திட்டினார், ஆட்களைத் திட்டினார், கடைசியில் கொழும்புக்காரரையே பார்த்து ஏதோ முணுமுணுத்தார். அந்தக் கொழும்புக்காரர்தான் கேட்டாராம், அந்தக் குட்டியின் தாயை முன்னால் நடக்கவிட்டால் என்ன என்று.

ஆள் ஓடிவந்தான். போக வேண்டாம் என்றேன் நான். குதிரை என்ன பாவம் செய்தது என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் வெள்ளைக் குதிரையை அவிழ்த்தார். நானும் கூடவே போனேன், வேடிக்கையை விட மனசில்லை.

எங்கள் குதிரை அந்தத் தெருவுக்குள் முதல் முறையாகக் கால் வைத்தது. லாயத்தைத் தாண்டும்போது ஒரு முறை கனைத்தது. சாம்பியன் காதை நிமிர்த்தியது, ஒரே எட்டில் வாசலைத் தாண்டி அதன் பின்னால் நடக்க ஆரம்பித்தது. தெருவில் இரண்டு பக்கமும் ஜனம். போனைத் தூக்கிக்கொண்டு இளவட்டங்கள் குறுக்கே வர, சாம்பியன் தலையைத் தூக்கித் திமிறியது. பிடித்திருந்த ஆள் பயந்துபோய், இன்னொரு கயிறு போடட்டுமா என்று கத்தினான்.

"கயிறு போட்டு என்னலே செய்ய?" என்று அண்ணாச்சி தொண்டை கிழியக் கத்தினார். "அவ முன்னால போனா எந்தக் கயிறும் நிக்காதுலே. அன்னைக்கும் அதுவாத்தான அத்துக்கிட்டுப் போச்சு. வழிய விடுங்கலே."

மைக் இல்லை. தேவையும் இல்லை, அத்தனை சத்தம். டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். கமிட்டித் தலைவர் செருப்பைக் குனிந்து பார்த்தார். தான் என்ன சொன்னோம் என்பது அண்ணாச்சிக்கே இரண்டு வீடு தாண்டித்தான் உறைத்திருக்க வேண்டும், நெஞ்சைத் தட்டப்போன கை பாதியில் நின்றது.

என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. மெயின் ரோடு வரைக்கும் நடந்தார், எங்கள் குதிரையைப் பலகையில் ஏற்றிப் பெட்டியின் மறு கதவு வழியாக இறக்கினார். பின்னாலேயே ஏறிய சாம்பியனின் நெற்றியை ஒரு முறை தடவினார். கதவைச் சாத்தினார்கள். டிரெய்லர் போனது.

"ஏளா, கேட்டியா?" என்றார் என்னிடம்.

தெருவே கேட்டது என்றேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது எங்கள் குதிரை பழக்கத்தில் உப்பளத்து வரப்புப் பக்கம் திரும்பியது. அவர் கயிற்றை மெல்ல இழுத்து அதைத் தெருவுக்குள் திருப்பினார்.