இரண்டு குமிழ் கடிகாரம்

உக்குவளையில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்கிறேன். பழைய சாவிக் கடிகாரங்களைத் தேடி வாங்குவது என் பைத்தியம். கைக்கடிகாரத்தின் பக்கத்தில் இரண்டு குமிழ்கள் இருந்தால் அது அலாரம் அடிக்கிற வகை. யுத்த காலத்தில் எங்கள் பக்கத்து நாலந்தாவில் ஒருவரிடம் அப்படி ஒன்று கிடைத்தது. இரண்டையும் திருகிச் சாவி கொடுத்தேன். அலாரம் முள் நாலு மணியில் நின்றதைக் கவனிக்கவில்லை. கீறல் படக்கூடாதென்று தகர டப்பாவில் வைத்தேன்.

நானும் மனைவியும் திரும்பி வந்த பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் என் பையைத் தொட்டபோது மணி நாலு. தகரத்துக்குள் அது டர்ரென்று அலறியது.

துப்பாக்கிகள் என் பக்கம் திரும்பின. கடையில் தினமும் பேசுகிற சிங்களம் மறந்தே போனது. மணிதான் அடிக்கும் என்று சொல்ல நினைத்து, "மேக்க கஹனவா" என்றேன். அவர்களுக்கு அது 'இது தாக்கும்' என்று கேட்டது. என்னை முழங்காலிட வைத்தார்கள். அந்த நேரம் சத்தம் நின்றது. இனி வெடிக்கும் என்று எல்லோரும் தரையில் விழுந்தார்கள். சிப்பாய்கள் சுடப்போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

மனைவிதான் கைகளைத் தூக்கியபடி முன்னே வந்தாள். "நீங்க வாயத் தொறக்காதீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவர்களிடம் "எலாம் ஒர்லோசுவ, மஹத்தயா" என்றாள். அலாரக் கடிகாரம், ஐயா. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போதெல்லாம் விற்பவர் வீட்டிலேயே அலாரத்தை முழுதும் அடிக்கவிட்ட பிறகுதான் கிளம்புகிறேன். அந்தக் கடிகாரத்துக்கு மட்டும் சாவி கொடுப்பதில்லை. கையில் எடுத்தாலே மனைவி எழுந்து வெளியே போய்விடுகிறாள்.