கண்ணாடிக்கு முன்னால் துரை

அந்தத் தெருவில் முடி வெட்டிக்கொள்ள இரண்டு கடைகள் உண்டு. அவசரக்காரர்கள் முதல் கடைக்குப் போவார்கள். நேரம் இருப்பவர்கள் நிதானத்திடம் வருவார்கள். நிதானம் என்பது பட்டப்பெயர். மற்ற இடங்களில் கால் மணியில் முடிகிற தலைக்கு இவர் முக்கால் மணி எடுத்துக்கொள்வார். காதோரத்தில் ஒரு முடியை வெட்டிவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்று பார்ப்பார். பிறகுதான் அடுத்த முடி. "அண்ணே, நான் உள்ளே வரும்போது எனக்கு நரையே இல்லை" என்று ஒருவர் கேலி செய்தார். நிதானம் கோபித்துக்கொள்ளவில்லை. "இப்பவும் ரெண்டு, மூணுதான் இருக்கு. ஆடாம உக்காருங்க" என்றார்.

இப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவசரப்பட்டுப் பேசினார். அதுவும் பெற்ற மகளிடம்.

மகளுக்கு நர்ஸ் படிப்பு. வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியிலேயே இடம் கிடைத்தும், எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஒரு நகரத்துக்குத்தான் போவேன் என்றாள். "அங்க பெரிய ஆஸ்பத்திரி இருக்குப்பா. கத்துக்க நிறைய இருக்கு." அதற்கு நிதானம், "முன்னப்பின்ன தெரியாதவங்களைப் பாத்துக்க அவ்வளவு ஆசை. பெத்தவங்களைப் பாத்துக்கத்தான் கசக்குது. போறதுன்னா போ, என்னை எதுக்குக் கேக்கற?" என்று சொல்லிவிட்டார். சொன்ன வார்த்தை காதில் விழுந்ததுமே நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருந்தாள்.

புறப்படுகிற அன்றும் அவள் அப்பாவிடம் வாய் திறக்கவில்லை. பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு ஒரு காகிதத்தை மட்டும் அவர் கையில் திணித்தாள். அவள் இரண்டு வருடமாக வளர்த்த ஃபைட்டர் மீனுக்கான குறிப்புகள் அதில் இருந்தன. கருநீல உடம்பு, ஓரம் சிவந்த நீண்ட வால். தொட்டிக்குள் தனியாக உலாத்துகிற தோரணையைப் பார்த்து அதற்குத் துரை என்று பேர் வைத்திருந்தாள். 'குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்துவிட்டு ஊற்றவும். வாரத்துக்கு ஒரு தடவை கால் பங்கு மட்டும் மாற்றவும், முழுதும் மாற்றக் கூடாது. ஹீட்டரை அணைக்க வேண்டாம். காலையில் மூன்று தீனி உருண்டை, சாயங்காலம் மூன்று. பாவமாகப் பார்க்கும், ஏமாந்து அதிகம் போட்டுவிட வேண்டாம். மூடி திறந்திருந்தால் குதித்துவிடும்.'

பக்கத்துக் கடையில் அவர் மனைவி தையல் மெஷின் போட்டிருந்தாள். பேன்ட்டைச் சுருக்குவது, சட்டைக் கையைக் குட்டையாக்குவது அவள் தொழில். மதியம் ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு சலூனுக்கு வந்துவிடுவாள். வாடிக்கையாளர்கள் காத்திருக்கிற பெஞ்சில் இருவரும் உட்கார்ந்து சாப்பிடும்போது மகள் அம்மாவின் போனில் கூப்பிடுவாள். விடுதி, பாடம், ஊசி எல்லாம் அம்மாவோடு. கடைசியில் "அப்பாகிட்ட குடும்மா" என்பாள்.

"துரை சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்."

"தண்ணி மாத்தினீங்களா?"

"நேத்துதான்."

அவ்வளவுதான் பேச்சு. அந்த நாலு வார்த்தைக்காக நிதானம் காலையிலிருந்து காத்திருப்பார் என்பது மனைவிக்குத் தெரியும். கடிகாரம் ஒன்றேகாலைத் தொட்டால், நாற்காலியில் யார் இருந்தாலும் கத்தரிக்கோலுக்குக் கொஞ்சம் வேகம் வந்துவிடும்.

நாலு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் அலங்கார மீன் கடைக்காரர் முடி வெட்ட வந்தார். பேச்சுவாக்கில் நிதானம் துரையைப் பற்றிச் சொன்னார்.

"வாங்கி ரெண்டரை வருஷம் ஆச்சா? பரவாயில்லையே! இதுங்களுக்கு ஆயுசே ரெண்டு, மூணு வருஷம்தான் அண்ணே. நல்லாப் பாத்துக்கிட்டா நாலு. கடைக்கு வரும்போதே ஆறு மாசம், ஒரு வயசு ஆகியிருக்கும்."

கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது. நிதானத்துக்கு மீன் மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் துரை போய்விட்டால் மகள் எதைக் கேட்பாள்? கேட்க ஒன்றும் இல்லையென்றால் "அப்பாகிட்ட குடும்மா" என்று எதற்குச் சொல்வாள்? அவராக எடுத்துப் பேசலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு முதலில் அன்றைக்குச் சொன்னதைப் பற்றிப் பேச வேண்டும். அந்தத் தைரியம் அவருக்கு இல்லை. விடுமுறைக்கு அவள் வர இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. நேரில் வந்துவிட்டால் எப்படியாவது சரிசெய்துவிடலாம் என்று நினைத்தார். அதுவரை துரை தாக்குப்பிடிக்க வேண்டும்.

பகலெல்லாம் பூட்டிய வீட்டில் மீனை எப்படித் தனியே விடுவது? மறுநாளே தொட்டியைச் சலூனுக்குத் தூக்கிவந்து, சீப்புகளுக்கு நடுவில், பெரிய கண்ணாடிக்கு முன்னால் வைத்தார். துரைக்குப் புது உயிர் வந்ததுபோல் இருந்தது. செவுளை விரித்து, வாலை விசிறிக்கொண்டு கண்ணாடிப்பக்கமே பாய்ந்தது. "என்னா கம்பீரம்!" என்று வாடிக்கையாளர்கள் வாய் பிளந்தார்கள். நிதானத்துக்குத் தலைகால் புரியவில்லை. போனில், "துரை ரொம்ப சுறுசுறுப்பா இருக்கான்" என்று வழக்கத்தைவிட ஒரு வரி கூடுதலாகச் சொன்னார்.

பத்தாம் நாள் துரை தொட்டியின் அடியில் படுத்துக்கிடந்தது. வால் கிழிந்திருந்தது. உருண்டையைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒன்றரை மணிக்கு மகள் கேட்பதற்கு முன்பே நிதானம் அதைச் சொல்லிவிட்டார்.

"எப்பலேர்ந்துப்பா? தண்ணி சூடு எவ்வளவு? தொட்டி எங்க இருக்கு?"

"கடையிலதான்மா. கண்ணாடிக்கு முன்னாடி. என் கண்ணு முன்னாடியே இருக்கட்டும்னு..."

"அப்பா! கண்ணாடியில தெரியறதை அது இன்னொரு ஆண் மீன்னு நினைச்சுக்கும். ரெண்டு ஆம்பளை மீனை ஒண்ணா விட்டா அடிச்சுக்கிட்டே சாகும். பத்து நாளா காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் சண்டை போட்டிருக்கு, பாவம்."

நிதானம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருடமாக அந்தக் கண்ணாடிக்கு முன்னால் ஆட்களை உட்காரவைக்கிறவர் அவர். எல்லோரும் தங்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுத்தான் எழுந்து போயிருக்கிறார்கள். அதே கண்ணாடியில் ஒரு உயிர் எதிரியைப் பார்க்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

மகள் அன்று இருபது நிமிடம் பேசினாள். தொட்டியைச் சுற்றிக் காகிதம் ஒட்டச் சொன்னாள். ஹீட்டர் முங்குகிற அளவுக்கு வைத்துக்கொண்டு தண்ணீரைக் குறைக்கச் சொன்னாள். "அதுக்குச் செவுள் மட்டும் பத்தாதுப்பா. மேல வந்து காத்தைக் குடிக்கணும். இப்ப அவ்வளவு தூரம் ஏறத் தெம்பு இருக்காது." உருண்டையை ஊறவைத்து ஒன்றே ஒன்று போட்டுப் பார்க்கச் சொன்னாள். பயப்படாதீங்க என்று மூன்று தடவை சொன்னாள். முன்னப்பின்ன தெரியாதவர்களின் கட்டில் பக்கத்திலும் இவள் இப்படித்தான் நின்று பேசுவாள் என்று நிதானத்துக்குத் தோன்றியது. நெஞ்சு நிறைந்துபோனது. அதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, மனுஷன்.

நாலு நாள் தொட்டியின் மேல் முடி வெட்டும் துணியைப் போர்த்தி வைத்தார். வாடிக்கையாளர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் மாதிரி ரகசியக் குரலில் பேசினார்கள். ஐந்தாம் நாள் காலையில் துரை மெல்ல ஏறிவந்து ஒரு உருண்டையைக் கவ்வியது. நாற்காலியில் இருந்தவரைப் பாதித் தலையோடு விட்டுவிட்டு நிதானம் பக்கத்துக் கடைக்கு ஓடினார். அவர் ஓடியதை அந்தத் தெரு அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தது.

அதன்பிறகு துரை ஐந்து வாரம் இருந்தது. பிறகு ஒரு காலையில் மேலே மிதந்தது. கடை வாசலில் இருந்த பூந்தொட்டியில் நிதானம் அதைப் புதைத்தார். மகள் வர மூன்று வாரம் பாக்கி இருந்தது.

"அவகிட்ட சொல்லிடாதே" என்று மனைவியிடம் கெஞ்சினார். அவள் தலையை ஆட்டினாள்.

"துரை சாப்பிட்டானாப்பா?"

"மூணு உருண்டையும் சாப்பிட்டான்மா."

ஒரு பொய்க்குத் துணையாகத் தினமும் இன்னொன்று வந்தது. இன்றைக்குத் தொட்டிச் செடியின் இலை மேல் படுத்திருந்தான், இன்றைக்கு வால் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. அதே நிறத்தில் வேறு ஒன்றை வாங்கி வைத்துவிடலாம் என்று மீன் கடைக்கும் போனார். வரிசையாகக் குடுவைகள், ஒன்றையொன்று பார்க்காதபடி நடுநடுவே ஒரு அட்டை. கருநீலத்தில் ஒன்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவர், ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டார்.

மறுநாள் மகள் வழக்கம்போலக் கேட்டாள்.

"இல்லம்மா. துரை போயிட்டான். பத்து நாள் ஆச்சு. கண்ணாடி முன்னாடி வச்சு நான்தான் அவனைக் கொன்னுட்டேன்."



"நீங்க கொல்லலைப்பா. அதுக்கு வயசாயிடுச்சு. நீங்க பாத்துக்கிட்டதாலதான் அஞ்சு வாரம் கூட இருந்துச்சு. அம்மா அன்னைக்கே என்கிட்ட சொல்லிட்டாங்க."

நிதானம் மனைவியைப் பார்த்தார். அவள் டப்பாவைக் கழுவப்போகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அன்னைக்கே தெரியுமா? அப்புறம் ஏம்மா தினமும் துரை சாப்பிட்டானான்னு கேட்ட?"

"கேக்கலைன்னா நீங்க போனை வாங்கவே மாட்டீங்களேப்பா."

நிதானத்தின் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. கடை வாசலில் ஒரு வாடிக்கையாளர் வந்து நின்றார். "குடுங்க, நான் பேசறேன். ஆள் வந்திருக்காரு பாருங்க" என்று மனைவி கையை நீட்டினாள்.

"அவரு உக்காரட்டும்" என்றார் நிதானம். போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார். "அம்மாடி, அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார்.