ஐந்தாவது மூலக்கூறு

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கணக்கம்மா என்று பெயர். பதினாறு வருட வேலையில் ஒரு சோதனைக்குழாயைக்கூடத் தொட்டதில்லை. தாமிர ஆக்சைடு நுண்துகள் ஒன்றைக் கணினிக்குள் அணு அணுவாக அடுக்குவாள். அதன்மேல் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை வைத்து, எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது, எத்தனை எலெக்ட்ரானைத் தருகிறது என்று பார்ப்பாள். தேறிய துகளைப் பக்கத்து அறைப் பூச்சுக்காரர் மெல்லிய பட்டையில் பூசுவார். பட்டையைக் கையில் ஒட்டிக்கொண்டால், அதன் முடியளவு முனை தோலுக்குள் இறங்கி, ரத்தச் சர்க்கரையைக் கைபேசித் திரையில் காட்டும்.

பத்துப் பேர் சோதனைக்கு ஒட்டியிருந்தார்கள். அவள் கணவர் அதில் ஒருவர். லிஃப்ட் பழுதுபார்ப்பவர், ஒன்பது வருடச் சர்க்கரைக்காரர். குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் சல்லடை. ஆனாலும் இன்சுலின் போடுமுன் விரலில் குத்திப் பார்த்தே ஆகவேண்டும் என்பது சோதனையின் விதி.

குளுக்கோஸைப் போலவே துகளில் ஒட்டி ஆளை ஏமாற்றக்கூடிய ஐந்து மூலக்கூறுகளை அவள் பட்டியலிட்டிருந்தாள். முதல் நான்கும் தொல்லை தரவில்லை. ஐந்தாவது, காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் போடும் மாத்திரை. அதைக் கணக்கிடப் பெரிய கணினியில் காத்திருப்பு வரிசை நீளம், அறிக்கைக்கோ நாள் நெருங்கிவிட்டது. நாலு சரியென்றால் ஐந்தும் சரியாகத்தான் இருக்கும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

அந்த ஐந்தாவது கணக்கு இன்று மதியம் முடிந்து வந்தது. குளுக்கோஸைவிட இரண்டு மடங்கு இறுக்கம்; மாத்திரை போட்டவருக்குப் பட்டை இல்லாத சர்க்கரையைக் காட்டும். கூட்டல் கழித்தல் குறியை மறுபடி பார்த்தாள், தப்பில்லை. காய்ச்சல் என்று முனகியவருக்குக் காலையில் இரண்டு மாத்திரை கொடுத்துவிட்டு வந்தது அவள்தான்.

மூன்றாம் முறைதான் போனை எடுத்தார்.

"என்னங்க, பட்டை என்ன காட்டுது?"

"முந்நூத்திப் பத்து. காய்ச்சல்ல ஏறத்தானே செய்யும்? பத்து யூனிட் போட்டுட்டேன். அரை மணி இருக்கும்."

"விரல்ல குத்திப் பாத்தீங்களா?"

"எதுக்கு? உன் கணக்கு மேல எனக்கில்லாத நம்பிக்கையா?"

"இப்பவே குத்துங்க. நான் லைன்லயே இருக்கேன்."

பெட்டி திறக்கும் சத்தம். "அறுபத்தெட்டும்மா. கை நடுங்குது."

"சர்க்கரை டப்பாவை எடுங்க. கரைக்கவெல்லாம் வேண்டாம், நாலு கரண்டி அப்படியே வாயில போடுங்க. கதவைத் தொறந்து வச்சுட்டுத் தரையில உக்காருங்க."

பூச்சுக்காரரின் ஸ்கூட்டரில் பத்து நிமிடம். சமையலறைத் தரையில் அவர் வேர்த்து ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மீசையெல்லாம் சர்க்கரை. விரல் ரத்தம் ஐம்பத்தாறு என்றது. திரையில் இன்னமும் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. அவள் பட்டையைப் பிய்த்தெடுத்தாள். மறுபடி சர்க்கரை, மறுபடி காத்திருப்பு. அறுபத்திரண்டு.

"எறும்புக்கெல்லாம் இன்னைக்கு விருந்து என் மீசையிலதான்," என்றார் அவர், நாக்குக் குழற. அவள் சிரிக்கவில்லை. மீதி ஒன்பது பேரின் எண்கள் அவள் கைபேசியில் இருந்தன.

"ஆய்வுக்கூடத்துப் பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தார் பூச்சுக்காரர். "உங்க பேருக்கே வேட்டு வச்சிடுவாங்கம்மா."

"வைக்கட்டும். நீங்க இவர் விரலைப் பாத்துக்கங்க."

ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள்: பட்டையைக் கழட்டுங்க, கணக்குல தப்புப் பண்ணினது நான்தான். ஒருவர் திட்டினார். ஒருவர் நன்றி சொன்னார். எண்பத்தொன்று, என்றார் பின்னாலிருந்து பூச்சுக்காரர். ஒன்பதாவது எண் வெகுநேரம் அடித்த பிறகே ஒரு பெண் குரல் வந்தது.

"மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

"தலைவலிக்கு ஒண்ணு போட்டேன். ஏன்? சர்க்கரை வேற எகிறிக் கெடக்கு. ஊசியக் கையில வச்சிருக்கேன், அப்புறம் பேசறேங்க."

"கீழ வைங்க," என்றாள். "வச்சுட்டேன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் நான் போனை வைக்க மாட்டேன்."