ஆடிட்டுக்கு உட்கார்ந்த மகள்

குழந்தை நடந்துவிட்டால் உதவித்தொகையை நிறுத்திவிடுவார்கள் என்று நம்பிய மேதாவி நான்தான். எங்கள் மகளை, கால்கள் சரியாக வராது என்று தெரிந்தேதான் தத்தெடுத்தோம். அரசு மாதாமாதம் தரும் பணத்தில்தான் அவளுடைய சிகிச்சை ஓடுகிறது. அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி வைக்கத் தொடங்கியிருந்தாள்.

உதவித்தொகை அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள் என்று தகவல் வந்தது. ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் எங்கள் லைனுக்கு ஆடிட் வருகிறதென்றால் முந்தின நாளே ஒத்திகை நடக்கும். அதே புத்தி வீட்டிலும் வேலை செய்தது.

"ஆபீசரம்மா போற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது தங்கம். எழுந்தா அப்பா அவுட்டு!"

"உக்கார வெக்கிறதுக்கா புள்ளைய இட்டாந்தோம்?" என்றாள் மனைவி. நான் காதில் வாங்கவில்லை.

வந்த அதிகாரி, "பாப்பா, நடந்து காட்டு" என்றார். மகள் என்னைப் பார்த்தாள், அசையவில்லை. சாமர்த்தியக்காரி என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன்.

"இன்னும் நடக்கலையா? நடக்கணும்னுதானே சார் பணமே குடுக்கறோம்" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

பணம் இன்றும் வருகிறது. வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் மகள் சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள்.