காந்தத்தைக் கொன்றவர்கள்

சுலேமா பர்ராசாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். "அந்தம்மா கத்திட்டாக்கூடப் பரவாயில்ல, முணுமுணுத்தா நாம தொலைஞ்சோம்" என்பான் அன்செல்மோ. துக்குமான் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் அவளோடு ஒன்றாகப் படித்து, அவளுடைய ஆய்வுக்கூடத்திலேயே செம்புக்கம்பிச் சுருள்களைச் சுற்றிக்கொண்டு தலை நரைத்தவன் அவன்.

சர்க்கரை ஆலைக் குடியிருப்பில் பிறந்தவள் சுலேமா. அவளுக்குப் பதினொரு வயதில் அரசாங்கம் ஆலையை மூடியது. தெருவில் பாதி வீடுகள் ஒரே குளிர்காலத்தில் காலியாயின. அவள் படித்தாள். முதலில் கரும்புச்சாற்றைக் காந்தத்துக்குள் வைத்து, அதிலுள்ள நீர் எழுப்பும் மெல்லிய அலையை அளந்தாள். அதே வித்தையால் உயிருள்ள உடம்புக்குள்ளும் படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் உதவித்தொகை வாங்கிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனாள். அங்கேயே வேலை தருகிறோம் என்றார்கள். வேண்டாமென்று திரும்பி வந்தவளை ஊரே பைத்தியம் என்றது.

அவளுடைய ஆய்வு குழந்தைகளைப் பற்றியது. எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் பெரியவர்கள் அசையாமல் கிடப்பார்கள். குழந்தை கிடக்குமா? மயக்க மருந்து கொடுத்துத்தான் படம் எடுப்பார்கள். அசைகிற குழந்தையையும் தெளிவாகப் பிடிக்க ஒரு வேகமான வழியைக் கண்டுபிடிப்பதில் சுலேமா பத்து வருடத்துக்கு மேல் செலவழித்தாள். தொண்ணூறுகளில் மாகாண மருத்துவமனைக்கு முதல் எம்.ஆர்.ஐ. இயந்திரம் வந்தபோது அந்த வழி பலித்தது. அழுதுகொண்டே உள்ளே போன குழந்தைகளின் மூளை, திரையில் பிசிறில்லாமல் விரிந்தது. வெளிநாட்டிலிருந்து அதைக் கற்றுக்கொள்ள ஆட்கள் வந்தார்கள்.

அந்த இயந்திரத்தின் உயிர், காந்தத்தைச் சுற்றி நிரப்பியிருந்த திரவ ஹீலியத்தில் இருந்தது. அந்தக் கொடுங்குளிர் இருக்கும்வரைதான் காந்தம் காந்தம். பின்முற்றத்துக் கொட்டகையில் ஒரு குளிரூட்டும் மோட்டார் இரவும் பகலும் ஓடி அதைக் காத்தது. ஹீலியம் குறைகிறது, நிரப்பித் தாருங்கள் என்று மருத்துவமனை இயக்குநர் டாக்டர் லெஸ்கானோவிடம் சுலேமா கோடை முடிந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "பார்க்கலாம்" என்பதே பதில்.

ஜூலை மாதம் மாநாடு ஒன்றுக்காக மெந்தோசா நகருக்குப் போயிருந்தவள் திரும்பி வந்தபோது மருத்துவமனைக் கூரைக்குழாய் வழியாக வெள்ளைப்புகை போய்க்கொண்டிருந்தது. முற்றத்தில் ஆட்கள் அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். அது புகையல்ல, மிச்சமிருந்த ஹீலியம். கொட்டகைக்கு ஓடினாள். மோட்டார் சத்தமில்லை.

"யார் இத நிறுத்தச் சொன்னது?"

எலக்ட்ரீஷியன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். "நான் என்ன பண்றது டாக்டரம்மா? இயக்குநர் ஆர்டர். சுதந்திர விழாவுக்கு போனஸ் அயர்ஸ்லேருந்து பெரியவங்க வர்றாங்க, முன்பக்கம் பூரா விளக்குப் போடணும், லோடு தாங்காதுன்னாரு. கொட்டாய்ல சும்மா ஓடிட்டிருக்கிற மோட்டார நிறுத்துடான்னாரு. விழா முடிஞ்சும் போடச் சொல்லல."

"சும்மா ஓடுற மோட்டார்" என்றாள் சுலேமா, மிக மெதுவாக.

இயக்குநரின் அறையில் மேசைமேல் மாத்தே கஷாயம் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"உட்காருங்க சுலேமா. ஒரு வாய் மாத்தே குடிக்கிறீங்களா?"

"காந்தம் செத்துப்போச்சு."

"மெஷின்தானே? ரிப்பேர் பண்ணிக்கலாம்."

"ரிப்பேர் இல்ல. மறுபடி குளிரவச்சு, ஹீலியம் நிரப்பி, காந்தத்த எழுப்பணும். கடல் தாண்டி ஆள் வரணும்."

"அதுக்கு இந்த வருஷம் நிதி இல்லையே."

"உங்க மச்சான் கிளினிக்குக்கு மட்டும் புது மெஷின் எப்ப வருது?"

லெஸ்கானோ உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுத்தார். "அது வேற விஷயம்."

"உங்களுக்கு எல்லாமே வேற வேற விஷயந்தான்."

வசந்தத்தில் மச்சானின் கிளினிக்கில் இயந்திரம் வந்து இறங்கியது. மருத்துவமனை நோயாளிகளுக்குக் காசிருந்தால் அங்கே படம், இல்லாவிட்டால் தொலைவிலுள்ள கொர்தொபா நகரத்து மருத்துவமனையில் காத்திருப்பு வரிசை.

அந்த வரிசையில் நின்றவள்தான் நொயேலியா. நான்கு வயது. ஃபமாய்யா என்ற சிற்றூரில் எலுமிச்சை பொறுக்கிப் பெட்டி கட்டும் தெல்மாவின் மகள். நடந்தால் தள்ளாடினாள், காலையில் எழுந்ததும் வாந்தி எடுத்தாள். பின்மண்டையில் கட்டி இருக்கலாம் என்று அறுவை மருத்துவர் சந்தேகப்பட்டார். ஆனால் கையிலிருந்த எக்ஸ்ரே ஸ்கேனில் அந்த இடம் எலும்பின் நிழல் விழுந்து குழம்பிக்கிடந்தது. கொர்தொபாவில் முறை வந்து, கட்டி தெரிந்து, அதை எடுத்தும்விட்டார்கள். அதற்குள் மூளைநீரின் அழுத்தம் கண் நரம்புகளைச் சாகடித்திருந்தது.

ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்ட குழந்தையைப் பார்க்கச் சுலேமா வார்டுக்குப் போனாள். "மெஷின் உயிரோட இருந்திருந்தா முதல் வாரமே கண்டுபிடிச்சிருப்பேன்" என்றாள்.

"உங்க மேல எனக்குக் கோபமில்ல டாக்டரம்மா" என்றாள் தெல்மா.

"கோபப்படுங்க. யார் மேலயாவது கோபப்படுங்க!"

"கோபப்பட எனக்கு எங்க நேரம்? இவளுக்குச் சுவரப் பிடிச்சு நடக்கக் கத்துக்குடுக்கணும்."

அன்று மாலையே சுலேமா பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். விசாரணைக் குழு அமைந்தது. "தொழில்நுட்பக் கோளாறு" என்று அறிக்கை தந்தது. எலக்ட்ரீஷியனைப் பிணவறைக்கு மாற்றினார்கள். மருத்துவமனையின் பெயரைக் கெடுத்ததாகச் சுலேமாவை உள்ளே விடவில்லை. பல்கலைக்கழகம் ஒரு வருடம் இடைநீக்கம் செய்தது. தெருவில் எதிர்ப்பட்ட சக பேராசிரியர்கள் சட்டென்று கடைக்கண்ணாடிகளில் எதையோ பார்க்க ஆரம்பித்தார்கள்.

இடைநீக்கத்தில் இருந்தபோதுதான், ஹீலியமே தேவைப்படாத இயந்திரம் ஒன்றை வரைய ஆரம்பித்தாள். இயல்பிலேயே காந்தமான கட்டிகளை வளையமாக அடுக்கினால் போதும். குளிர் வேண்டாம், மோட்டார் வேண்டாம், குழந்தையின் தலை நுழைகிற அளவு இருந்தால் சரி.

"அவ்வளவு சின்னக் காந்தத்துல படம் மூடுபனி மாதிரி இருக்கும்டி" என்றான் அன்செல்மோ.

"இருக்கட்டும். லெஸ்கானோ நினைச்சா அணைக்க முடியாதுல்ல?"

"இது ஆராய்ச்சியா, பழிவாங்கலா?"

"நீ சுருளச் சுத்து."

சுற்றினான். தலைநகரத்து நிதிக்குழுவுக்குப் போனபோது ஒருவர் சிரித்தார். "உலகமே பெரிய காந்தத்துக்குப் போகுது, நீங்க பின்னாடி போறீங்களே அம்மா?"

"ஐயா ஃபமாய்யாவுக்கு வந்திருக்கீங்களா? ஒருதடவ பஸ்ஸுல வாங்க. வந்து இறங்கிட்டு அப்புறம் சொல்லுங்க" என்றாள். நிதி கிடைக்கவில்லை.

இடைநீக்கம் முடிந்தபின், பாடம் எடுத்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் அதிலேயே கழிந்தது. காந்தக் கட்டிகளை அடுக்கும்போது இரண்டு ஒன்றையொன்று இழுத்து அவள் விரல்நுனியை நசுக்கிவிட்டன. அப்போதும் அவள் திட்டியது லெஸ்கானோவைத்தான். முதல் படம் ஓர் எலுமிச்சம்பழம். சுளைகள் மங்கலாக, ஆனால் எண்ணக்கூடியபடி தெரிந்தன. அடுத்தது அன்செல்மோவின் தலை. "உள்ள ஒண்ணுமில்லன்னு இப்ப ஆதாரமே கிடைச்சிருச்சு" என்றாள். அந்த வருடங்களில் அவள் சிரித்ததை அன்செல்மோ பார்த்தது அன்றுதான்.

குழந்தைகள் மருத்துவமனை ஒன்று இயந்திரத்துக்கு ஓர் அறை தந்தது. மலையூர் ஒன்றிலிருந்து தலை வீங்கி வந்த பையனை உள்ளே வைத்தார்கள். படம் கரடுமுரடாக இருந்தாலும் மூளைநீர் எங்கே அடைபட்டிருக்கிறது என்பது தெரிந்தது. அந்த வாரமே அறுவை செய்தார்கள். பையன் பிழைத்தான், பார்வையும் தப்பியது.

செய்தி பரவியதும் அரசு திறப்பு விழா வைத்தது. நாடா வெட்ட வந்தவர் மாகாணச் சுகாதார அமைச்சர். டாக்டர் லெஸ்கானோதான் இப்போது அமைச்சர். "இந்த விதையை நான் இயக்குநராக இருந்தபோதே போட்டேன்" என்று பேசிக் கைதட்டலும் வாங்கினார். சுலேமா ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"உண்மைதான். அமைச்சர் நல்ல மெஷின் ஒண்ணக் கொன்னாரு, அதனாலதான் இத செய்யவேண்டி வந்துச்சு. அதுக்கு நடுவுல ஒரு குழந்தைக்குக் கண்ணு போச்சு. அவ பேரு நொயேலியா. கண்ணில்லாதவங்க பள்ளிக்கூடத்துல படிக்கிறா. உங்க பேச்சுல அவ பேரு வரவேயில்ல."

லெஸ்கானோ கேமராக்களுக்காகச் சிரித்தபடியே இருந்தார். நாடா வெட்டப்படாமல் தொங்கியது.

இரண்டு வாரத்தில், அங்கீகாரமில்லாத கருவி என்று அறைக்கதவுக்குச் சீல் வைத்தார்கள். சுலேமா எல்லோரும் பார்க்க அதைக் கிழித்தாள். மறுபடி வைத்தார்கள், மறுபடி கிழித்தாள். அறுவை மருத்துவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை, ஆனால் குழந்தைகளை அனுப்பிக்கொண்டேயிருந்தார்கள். அரசு முத்திரையைச் சேதப்படுத்தியதாக அவள் மேல் வழக்குப் போடப்பட்டது.

லெஸ்கானோ முழு ஓய்வூதியத்தோடு ஓய்வுபெற்றார். மாகாண மருத்துவமனையின் ஒரு பகுதிக்கு அவர் பெயரை வைத்தார்கள். செத்த இயந்திரத்தை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். சுலேமாவும் ஓய்வுபெற்றுவிட்டாள், வழக்கு மட்டும் முடியவில்லை. போன முறை நீதிபதி, "வருத்தம் தெரிவிச்சு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா இன்னிக்கே முடிச்சுடலாம்மா" என்று நயமாகவே சொன்னார். சுலேமா முடியாது என்றாள்.

வெளியே வந்ததும் அன்செல்மோ, "எழுதிக் குடுத்திருக்கலாம்ல? நமக்கும் வயசாகுது" என்றான்.

"உனக்கு ஆகுது" என்று சொல்லிவிட்டு அவள் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகும் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினாள். அங்கே இயந்திரத்தின் ஒரு சுருளில் இரைச்சல் வந்து படம் கலங்குகிறது என்று காலையில் சொல்லியிருந்தார்கள்.