ஹாரன் அடிக்காத லைசென்ஸ்

காரைக்குடியில் எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் உள்கட்டுக்குக் கேட்காது. அதனால் தெரு முனை திரும்பும்போதே மூன்று முறை ஹாரன் அடித்துவிட வேண்டும். அது அப்பச்சியின் உத்தரவு. அப்பச்சி என்றால் என் தந்தை.

"நீ முனையிலேயே அடிச்சிரு. இந்த முட்டிய வச்சுக்கிட்டு நான் வாசலுக்கு வந்து சேரணும்ல" என்பார்.

அடித்தால் வண்டி நிற்பதற்கும் அவர் கதவைத் திறப்பதற்கும் சரியாக இருக்கும். நானும் எந்த முனையைக் கண்டாலும் ஹாரன் அடித்தே ஓட்டிப் பழகினேன்.

அறுபதுகளின் கடைசியில் பினாங்கில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனேன். ரப்பர் தோட்டங்களுக்குப் போய்வர வேண்டிய வேலை. நம்மூர் லைசென்ஸ் அங்கே செல்லாது என்றார்கள். முதலாளி சுற்றி வளைத்துப் பேசுகிற ஆளில்லை.

"மூணு மாசம் பாருங்க. லைசென்ஸ் எடுக்கலையின்னா கப்பல் ஏறிருங்க."

முதல் தேர்வில் ஒவ்வொரு சந்து முனையிலும் அடித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க்கார அதிகாரி வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். "யாரைக் கூப்பிடுகிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். தேறவில்லை என்று எழுதிக் கொடுத்தார். ஹாரன் அடித்ததற்காக ஒருவனைத் தோற்கடிப்பார்களா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் வீம்பு வேலைக்காகாது. தினமும் காலையில் கடை வண்டியை எடுத்துப்போய், ஹாரன் பக்கம் போகும் கையை இழுத்து இழுத்துப் பழக்கினேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். எனக்கு இரண்டு மாதத்தில் போய்விட்டது.

இரண்டாவது தேர்வுக்குக் கிளம்பும்போது தந்தி வந்தது. அப்பச்சி முதல் நாளே காலமாகிவிட்டார். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் நான். எப்படிப் போனாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர முடியும். தந்தியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு தேர்வுக்குப் போனேன்.

முக்கால் மணி நேரம் ஓட்டினேன். ஒரு முறைகூட ஹாரன் அடிக்கவில்லை. அதிகாரி கை குலுக்கினார். எனக்கு அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. திரும்பி வந்து சாப்பிட்டேன். சாப்பிட முடிந்ததுதான் எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூன்று வருடம் கழித்து ஊருக்கு வந்தேன். ஸ்டேஷனுக்கு வீட்டு வண்டியைக் கொண்டுவந்த மைத்துனரிடம் சாவியை வாங்கி நானே ஓட்டினேன். தெருவுக்குள் திரும்பி வாசலில் நிறுத்தினேன். கதவு சாத்தியிருந்தது. ஏன் யாரும் வரவில்லை என்று ஒரு கணம் கோபம்கூட வந்தது. இறங்கிப்போய் நெடுநேரம் தட்டிய பிறகு ஆத்தா வந்து திறந்தாள். வெள்ளைப் புடவையில் அவளை அன்றுதான் பார்த்தேன். என்னைப் பார்த்தாள், பின்னால் நின்ற வண்டியைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"வந்து திறக்க அப்பச்சி இல்லையேன்னுதான் ஹாரன் அடிக்காம வந்தியாப்பா?"

அப்போதுதான் எனக்கு ஹாரன் ஞாபகமே வந்தது.

"ஆமா ஆத்தா" என்றேன்.